அவளுடைய முப்பதும் என்னுடைய நாற்பத்தைந்தும்

எனக்குப் பொறாமைதான். அதை மறைக்க நான் மெனக்கெடுவதும் இல்லை. குல்லுக் வளைகுடாவில் எங்கள் படகுப் பட்டறையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், மெல்டா என்ற பெயர் காதில் விழுந்தால் இந்த நெவினின் முகம் எப்படிப் போகும் என்று சொல்வார்கள். கிரேன் ஓட்டும் துர்சுன் நடித்தே காட்டுவான். எலுமிச்சம்பழத்தைக் கடித்தவன் மாதிரி வாயைக் கோணி, ஒரு கண்ணைச் சுருக்கி. நன்றாகத்தான் நடிக்கிறான், பாவி.

நாங்கள் கட்டுவது மீன்பண்ணைக்காரர்களுக்கான பிளாஸ்டிக் படகுகள். கன்னங்கரேல் என்று இருக்கும். துருப்பிடிக்காது, உளுத்துப்போகாது, பாறையில் மோதினாலும் உடையாது. ஒரே ஒரு கெட்ட குணம், சூடு பட்டால் கோணிக்கொள்ளும். தகட்டோடு சட்டத்தைச் சேர்க்க வெல்டிங் துப்பாக்கியால் உருகிய பிளாஸ்டிக்கைப் பிழிந்துவிடுகிறோம். அது ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது இரண்டு பக்கத்தையும் தன்னை நோக்கி இழுக்கும். கல்லில் போட்ட ரொட்டி ஓரம் தூக்குவதுபோல, தட்டையாகப் படுத்திருந்த படகின் அடித்தளம் இரண்டு முனையிலும் எழும்பி நிற்கும்.

அதனால் முதலிலேயே எதிர்ப்பக்கம் வளைத்து வைத்துவிடுவோம். தகட்டின் நடுவில் கட்டை கொடுத்து உயர்த்தி, முனைகளைக் கீழே இறுக்கிப் பிடித்து, அதன்பிறகு வெல்டிங். அது இழுக்கிற இழுப்பில் தகடு தானாக நேராகிவிடும். கட்டை எவ்வளவு உயரம் என்பதுதான் கேள்வி. குறைந்தால் முனை தூக்கும். கூடினால் நடுமுதுகு கூன்போட்டு நிற்கும். அந்தக் கேள்விக்கு இத்தனை வருஷமாகப் பதில் சொல்லிவந்தவள் நான். தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்ப்பேன், ருஸ்தெமின் தோளைப் பார்ப்பேன், அன்றைக்கு அவன் கை மெதுவாகப் போகுமா வேகமாகப் போகுமா என்று தெரிந்துவிடும், கட்டையை வைப்பேன். ருஸ்தெம் என் கணவன், பட்டறையின் தலைமை வெல்டர், எல்லோருக்கும் உஸ்தா, மேஸ்திரி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே கட்டை என்னுடையது, துப்பாக்கி அவனுடையது.

பண்ணைக்காரர்கள் நீளமான படகு வேண்டும் என்றார்கள். முதல் நீளப் படகில் என் கணக்கு தவறிவிட்டது. முனைகள் பூனை நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டன. சட்டங்களை அறுத்தெடுத்து மறுபடி வெல்டிங் செய்தோம். அடுத்ததில் உயரத்தைக் கூட்டி நேராகக் கொண்டுவந்துவிட்டேன், ஆனால் முதலாளி ஹக்கி பே மறக்கவில்லை. மனிதர் எதையும் மறக்க மாட்டார். இஸ்மிரிலிருந்து ஒரு இன்ஜினியரைக் கொண்டுவந்து இறக்கினார். வெல்டிங் செய்வதற்கு முன்பே, தகடு எங்கே எவ்வளவு கோணும் என்று கம்ப்யூட்டரில் போட்டுச் சொல்வாளாம்.

அவள்தான் மெல்டா. பட்டறை ஆண்களுக்கு அவள் 'ஹனிம்', மேடம். பச்சைக் கண். பின்னல் போடாத முடி. வாயில் எந்நேரமும் சூரியகாந்தி விதை. கணக்குப் போடும்போது கொறித்துக் கொறித்துத் தோலை ருஸ்தெமின் மேசையில் குவித்துவைப்பாள். யார் பெருக்குவது? நான்தான்.

முதல் நாளே என்னிடம் வந்தாள்.

"நெவின் அக்கா, நான் உங்க வேலையப் பறிக்க வந்தவன்னு நெனச்சிடாதீங்க."

"பின்ன எதப் பறிக்க வந்த?"

நான் விளையாட்டுக்குக் கேட்டதாக நினைத்துச் சிரித்தாள். பல்லும் வேறு அழகாக இருந்தது.

அவளுக்குத் தேவைப்பட்டது ருஸ்தெமின் கை. சின்னச் சின்னத் துண்டுகளை வெட்டி, அவனை வெல்டிங் செய்யச் சொல்லி, ஒவ்வொன்றும் ஆறியபிறகு எவ்வளவு கோணியது என்று அளப்பாள். வாரக்கணக்கில் அதே வேலை. சூட்டை நிறமாகக் காட்டும் கேமரா ஒன்றை அவன் தோளுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். திரையில் என் கணவன் இருந்தான். விரல் நுனி வெள்ளை, மணிக்கட்டு மஞ்சள், கழுத்து சிவப்பு, மூக்கு மட்டும் நீலம். இத்தனை வருஷம் ஒரே போர்வையில் படுத்த எனக்கு அவன் உடம்பில் எந்த இடம் எவ்வளவு சூடு என்று நிறத்தில் தெரியாது. இவளுக்குத் தெரியும். அன்று எனக்கு வயிறு எரிந்த எரிச்சலுக்கு அந்தக் கேமராவை என் பக்கம் திருப்பியிருந்தால் திரையே வெந்திருக்கும்.

"உஸ்தா, உங்க கை ஒரே வேகத்துல போகுது," என்றாள் அவள். "மெஷின்கூட இப்படிப் போகாது. நான் பாத்ததுலயே அழகான கை இதான்."

ருஸ்தெமின் காது சிவந்தது, கேமரா இல்லாமலே எனக்குத் தெரிந்தது. அந்தக் கையில் பட்ட தீக்காயங்களுக்கெல்லாம் ஆலிவ் எண்ணெய் தடவியது யார் என்று அவள் கம்ப்யூட்டர் சொல்லுமா?

மத்தியானம் காபி குடித்தபிறகு, வண்டலைப் பார்த்துக் குறி சொல்கிற எங்கள் ஊர் வழக்கத்தை வைத்து துர்சுன் அவளை வம்புக்கு இழுத்தான். "ஹனிம், இந்தக் கோப்பைய கவுத்து வெச்சிருக்கேன். அடுத்த படகு கோணுமா கோணாதான்னு பாத்துச் சொல்லுங்க. உங்க தொழில்தானே?"

வேறு யாராக இருந்தாலும் முகம் சுண்டியிருக்கும். அவள் கோப்பையை எடுத்து, அடியில் ஒட்டியிருந்த காபி வண்டலைத் தீவிரமாகப் பார்த்தாள். "படகு நேரா இருக்கு துர்சுன். கிரேன் ஓட்டறவன்தான் கோணலாத் தெரியறான்."

எல்லோரும் சிரித்தார்கள். ருஸ்தெம் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நான் சொன்ன எதற்கும் அவன் மேசையைத் தட்டியதாக எனக்கு நினைவில்லை.

வீட்டுக்கும் வந்துவிட்டாள். ஆள் வரவில்லை, பேச்சு வந்தது. ஒரு காலை தக்காளியும் மிளகாயும் வதக்கி முட்டை உடைத்து ஊற்றிக் கிளறிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ருஸ்தெம் சொன்னான்.

"நடுவுலேர்ந்து கிளறு நெவின். ஓரத்துலேர்ந்து ஆரம்பிச்சா சூடு ஒரே பக்கமா சேந்துடும்."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. தோணுச்சு."

"உனக்கா தோணுச்சு? முட்டைக்கும் கணக்குப் போட்டுக் குடுத்தாளா உன் ஹனிம்?"

"என் ஹனிம் இல்ல. பட்டறை ஹனிம்."

"அப்ப பட்டறைலயே போய்த் தின்னு."

வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன், ஆனால் அவன் இடுப்பைப் பிடிக்கவில்லை. சீட்டைப் பிடித்துக்கொண்டேன்.

நடுவிலிருந்து என்பது முட்டைக்காக வந்த புத்தி அல்ல. இத்தனை காலம் ருஸ்தெம் படகின் பின்பக்கத்தில் ஆரம்பித்து முன்பக்கம்வரை ஒரே ஓட்டமாக வெல்டிங் செய்வான். அவன் அப்பாவும் இரும்புப் படகில் அப்படித்தான் செய்தாராம். யார் சொல்லியும் மாற்றாதவன். இவள் வந்து, நடுவில் ஆரம்பியுங்கள், ஒரு முழம் செய்யுங்கள், தாண்டிப் போய் அந்தப் பக்கம் ஒரு முழம் செய்யுங்கள், ஆறவிடுங்கள், அப்புறம் திரும்பி வாருங்கள் என்றாள். அப்படிச் செய்தால் இழுப்பு குறையுமாம். அவனும் நல்ல பிள்ளையாக அப்படியே செய்ய ஆரம்பித்தான். நான் திரைச்சீலையை மாற்றச் சொன்னாலே ஒரு மாதம் ஆக்குகிற மனிதன்.

புதிய நீளப் படகின் தகடு வந்து இறங்கியது. ஹக்கி பே எங்களைப் படகு கட்டும் மேடைக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். கையில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"நடுக்கட்டை எவ்வளவு ஒசரம்? ஹனிம், நீ சொல்லு."

"முப்பது மில்லிமீட்டர்."

"நெவின்?"

"நாப்பத்தஞ்சு. போன படகு நாப்பத்தஞ்சுலதான் நேரா வந்துச்சு."

"அது பழைய வரிசைல செஞ்சது அக்கா," என்றாள் மெல்டா. "இப்ப உஸ்தா வரிசைய மாத்திட்டாரு. இழுப்பு கம்மியாயிடும்."

"வரிசைய மாத்தினா பிளாஸ்டிக் சுருங்கறத மறந்துடுமா?"

ஹக்கி பே மணியை நிறுத்தினார். "ரெண்டு பேரும் சண்ட போட எனக்கு நேரம் இல்ல. இந்தப் படகு ஹனிமோட கணக்குல போகட்டும். நேரா வந்துச்சுன்னா இனிமே கட்டை எல்லாம் கணக்குப்படிதான். நெவின், நீ பைப் பக்கம் போயிடு, அங்க ஆள் இல்லாம தவிக்கறாங்க. கோணிச்சுன்னா, ஹனிம், கோவிச்சுக்காத, நீ இஸ்மிருக்குக் கெளம்பு."

பைப் பக்கம் என்பது பட்டறையின் அந்தக் கோடி. மீன் கூண்டுகளுக்கான வளையம் செய்கிற இடம். அங்கே மெஷின்தான் எல்லாம், பொத்தானை அமுக்கினால் போதும், யாரும் யாருக்காகவும் எதையும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். அங்கிருந்து பார்த்தால் படகு மேடை தெரியும். மேடையில் யார் யாரோடு நிற்கிறார்கள் என்பதும் தெரியும்.

"உஸ்தா, நீ என்ன சொல்ற?" என்று கேட்டார் ஹக்கி பே.

ருஸ்தெம் என்னைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். சிகரெட்டை எடுத்துப் பற்றவைத்தான். "நீங்க சொல்றபடி செய்யறேன்," என்றான். அவ்வளவுதான். நாற்பத்தைந்து என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் என் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

கட்டையை நான்தான் வைத்தேன். நடுவில் முப்பது, முனைப்பக்கம் போகப் போகக் குறைத்து, அவள் கொடுத்தபடி அச்சு அசலாக. ஒரு மயிரிழை கூட்டவில்லை, குறைக்கவில்லை. நல்லெண்ணத்தில் அல்ல. அவள் கணக்கு அவள் கணக்காகவே இருந்து, முனை இரண்டும் வானத்தைப் பார்த்துத் தூக்கி, அவள் பெட்டியோடு பஸ் ஏற வேண்டும் என்று எனக்கு ஆசை. மெல்டா லேசர் வைத்து ஒவ்வொரு கட்டையாகச் சரிபார்த்தாள்.

"பாத்துக்கோ," என்றேன். "அப்புறம் நெவின் மாத்திட்டான்னு யாரும் சொல்லக் கூடாது."

"நீங்க அப்படிச் செய்யற ஆள் இல்ல அக்கா, எனக்குத் தெரியும்."

அந்த நம்பிக்கை வேறு எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. சாயங்காலம் தகட்டைப் போட்டு இறுக்கினோம். கட்டையை அளந்தவள், போட்ட தகட்டை வெல்டிங்குக்கு முன் மறுபடி அளக்கவில்லை. மறுநாள் வெல்டிங் ஆரம்பித்தது. ருஸ்தெம் அவள் சொன்ன வரிசையில் முழம் முழமாகத் தாண்டித் தாண்டிப் போனான். அவள் கேமராவோடு பின்னால். நான் பிளாஸ்டிக் கம்பிச் சுருளைத் தள்ளிக்கொண்டு அதற்கும் பின்னால். மூன்றாவது ஆளாக அந்த மேடையில் நின்றது எனக்கு அதுதான் முதல் தடவை.

அளப்பது எப்போதும் விடியற்காலையில்தான். வெயில் ஏறினால் கறுப்புத் தகடு அதன் பாட்டுக்கு நீளும், அப்போது எடுக்கிற அளவு எதற்கும் உதவாது. அன்று ஹக்கி பே கோட்டு போட்டுக்கொண்டு சீக்கிரமே வந்துவிட்டார். தகட்டை இறுக்கியிருந்த பிடிகளைக் கழற்றினோம். துர்சுன் அடித்தளத்தைத் தூக்கிப் பக்கத்துத் தட்டை மேடையில் இறக்கினான்.

கோணித்தான் இருந்தது.

அளக்கவே வேண்டாம், கண்ணுக்கே தெரிந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மெல்டாவின் முகத்தில் ரத்தமே இல்லை. கையிலிருந்த விதையைப் பையில் போடத் தோன்றாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். ஹக்கி பே "ம்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போனார். அவர் "ம்" என்றால் முடிந்தது.

அதன்பிறகுதான் நான் ஒழுங்காகப் பார்த்தேன். முனைகள் மேடையைத் தொட்டுக்கொண்டிருந்தன. நடு தூக்கியிருந்தது. நடுவில் கை நுழைகிற இடைவெளியில் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

எனக்குச் சுருக்கென்றது. முப்பது போதாது என்றால் முனைகள் அல்லவா தூக்க வேண்டும்? நடு கூன்போட்டிருக்கிறது என்றால் கட்டை உயரம் அதிகம் என்று அர்த்தம். முப்பதே அதிகமா? அது எப்படி?

காலியான மேடைக்குப் போய்க் குனிந்தேன். நான் வைத்த கட்டைகள் வைத்த இடத்திலேயே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அடியில் கறுப்பாக ஒரு துண்டுத் தகடு. உயரம் கூட்ட அடியில் சொருகுகிற சக்கை, நான் வைக்காதது. நடுக்கட்டைக்கு அடியில் தடிமனாக, முனைக்குப் போகப் போக மெலிசாக. நடுவில் இருந்ததை விரலில் அளந்தேன், பதினைந்து. முப்பதும் பதினைந்தும் நாற்பத்தைந்து. நான் வைத்திருந்தால் எந்த இடத்தில் எவ்வளவு வைத்திருப்பேனோ அப்படியே ஒன்றுவிடாமல் வைத்திருந்தது. உலகத்தில் அது தெரிந்த ஆள் ஒருத்தன்தான்.

சக்கைகளை அள்ளி ஏப்ரனில் போட்டுக்கொண்டு கம்ப்ரசர் அறைக்குப் பின்னால் போனேன். ருஸ்தெம் அங்கேதான் குந்தியிருந்தான். ஏப்ரனைத் திறந்து காட்டினேன்.

"எப்ப வெச்ச?"

"வெல்டிங் ஆரம்பிச்ச அன்னிக்குக் காலைல, ஹனிம் பஸ் வரதுக்கு முன்னாடி. நீ டீ போடப் போனியே, அப்ப. பிடியத் தளத்திட்டு வெச்சேன்."

"ஏன்?"

"நீ நாப்பத்தஞ்சுன்னு சொன்ன."

"சொன்னேன். அதுக்கு?"

"நீ சொன்ன ஒசரத்த விட்டு நான் என்னிக்கு வேற ஒசரத்துல வெல்டிங் பண்ணியிருக்கேன்? முப்பதுல கைய வெக்கவே மனசு வரல நெவின். படகு போயிடும்னு பயம்."

"அத அன்னிக்கு மொதலாளிகிட்ட சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு? வாயில சிகரெட்டச் சொருவிக்கிட்டு நின்னியே?"

"அந்தப் பொண்ணு முன்னாடி எப்படிச் சொல்றது? கண்ணு முழிச்சுக் கணக்குப் போட்டிருக்கு. மொகம் வாடிப் போயிடும்ல?"

"அப்ப என் மொகம்?"

அவன் ஏப்ரனிலிருந்து ஒரு சக்கையை எடுத்து விரலால் தேய்த்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் நெஞ்சில் அப்போது என்ன இருந்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். சந்தோஷம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கேமராவும் கம்ப்யூட்டரும் பச்சைக் கண்ணும் எல்லாம் ஒரு பக்கம் இருக்க, இந்த மடையன் திருட்டுத்தனமாக வந்து என் எண்ணைத் தகட்டுக்கு அடியில் வைத்திருக்கிறான். அவனைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, அதே சக்கையால் மண்டையில் போடவும் தோன்றியது. ஏனென்றால் இன்னொன்றும் எனக்கு விளங்கிவிட்டது.

"அவ வரிசைல வெல்டிங் பண்ண. என் ஒசரத்துல கட்டைய வெச்ச. ரெண்டு பேரையும் சேத்து ஒரே சட்டில போட்டுக் கிண்டிட்ட."

"என்ன சொல்ற?"

"அவ வரிசைல இழுப்பு கம்மிதான். நீ கூட்டி வெச்சது அவ்வளவும் அப்படியே கூனா நிக்குது. அவ சொன்ன முப்பது சரி, மடையா."

அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கசந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அவன் எழுந்து நின்றான். "அப்ப நான் போய்ச் சொல்லிடறேன்."

"சொன்னா ஹக்கி பே ஒன்ன வாசல்ல நிறுத்திடுவாரு. தலைமை வெல்டரே திருட்டுச் சக்கை வெச்சான்னு தெரிஞ்சா குல்லுக்ல எவன் ஒனக்கு வேல குடுப்பான்? வாய மூடிட்டு வா."

நான் ஏப்ரனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். குப்பைத் தொட்டி பத்தடி தூரத்தில் இருந்தது. இந்தத் துண்டுகளை அதில் கொட்டிவிட்டால் ஆயிரம் துண்டோடு துண்டாகப் போய்விடும். மெல்டா பஸ் ஏறுவாள். கட்டை எனக்கே. ருஸ்தெமின் பக்கத்து இடமும் எனக்கே. இதைவிடச் சுலபமான வேலை எனக்கு என்றும் வந்ததில்லை. தொட்டியின் பக்கம் ஒரு அடிகூட எடுத்து வைத்துவிட்டேன்.

அதற்குள் ஹக்கி பே மேடைக்கு வந்து எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார்.

மெல்டா லேப்டாப்பை மூடி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். யாரும் கேட்பதற்கு முன்பே அவளாகப் பேசினாள். "கணக்கு என்னோடது. தப்பும் என்னோடது. எங்க தப்புன்னு எனக்குப் புரியல, அதான்... புரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்." குரல் உடைந்தது. "உஸ்தா மேல, அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. அவங்க நான் சொன்னபடிதான் செஞ்சாங்க."

நான் அவளைப் பார்க்கவில்லை. ருஸ்தெமைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு இளக்கம் வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த இளக்கம் அது. எனக்குக் காய்ச்சல் வந்தால் வரும், என் அம்மா இறந்த அன்று வந்தது. இதுவரை வேறு யாருக்காகவும் வந்து நான் பார்த்ததில்லை. தொப்பியைக் கழற்றினான். அவன் வாய் திறந்தது.

சொல்லப்போகிறான். வேலை போனாலும் பரவாயில்லை என்று, இந்தப் பெண்ணுக்காக, எல்லோர் முன்னாலும். அவள் அந்தப் பச்சைக் கண்ணால் நன்றியோடு அவனை நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வையை அவள் சாகும்வரை மறக்க மாட்டாள், அவனும் மறக்க மாட்டான். நடுவில் நான் ஏப்ரனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அது மட்டும் நடக்க விடமாட்டேன் என்று நினைத்தேன்.

"சக்கை வெச்சது நான்தான்," என்றேன். ஏப்ரனைத் திறந்து துண்டுகளை ஹக்கி பேயின் காலடியில் கொட்டினேன். "அவ முப்பதுக்கு மேல பதினஞ்சு ஏத்தி வெச்சேன். அதான் நடு தூக்கிடுச்சு. கணக்குல தப்பு இல்ல."

துர்சுன் வாயைப் பிளந்தான். ருஸ்தெமின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. நான் அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

ஹக்கி பே கத்திய கத்தலை நான் எழுதப்போவதில்லை. பட்டறைக்கு வெளியே நாய்கள் எழுந்து நின்றன. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, "ருஸ்தெம் மொகத்துக்காக ஒன்ன வேலைல வெக்கறேன். நாளைலேர்ந்து பைப் பக்கம். கட்டை மேல கை வெச்ச, அப்புறம் பாரு," என்றார். ருஸ்தெம் முகத்துக்காக! சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மெல்டா என் பின்னாலேயே உடை மாற்றும் அறைக்கு வந்தாள்.

"அக்கா, நீங்க பேசாம இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்காக..."

"ஒனக்காகன்னு யாரு சொன்னா?"

"பின்ன?"

"போ. போய் மொகத்தக் கழுவு. இனிமே தகட்டப் போட்டப்புறமும், வெல்டிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அள. கட்டைய மட்டும் அளந்துட்டுப் போகாத."

என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். விதையும் உப்பும் மணத்தது. நான் கையைத் தொங்கவிட்டபடி நின்றேன். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் ருஸ்தெம் வண்டியை ஓரம் கட்டினான். கடல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஏன் அப்படிச் சொன்ன? நானே சொல்ல இருந்தேன்."

"தெரியும். அதான் சொன்னேன்."

"புரியல."

"புரிய வேணாம். வண்டிய எடு."

அன்று அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். விலா எலும்பு நொறுங்கும் அளவுக்கு.

பைப் பக்கம் நான் நினைத்ததைவிட மோசம். மெஷின் ஒரு கூச்சல் போடும், வளையம் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். நான் பொத்தானை அமுக்கிவிட்டு மேடையைப் பார்ப்பேன். அவன் குனிவான், அவள் கேமராவோடு குனிவாள். அவள் ஏதோ சொல்வாள், அவன் தலையாட்டுவான். நான் விட்டுக்கொடுத்துவிட்டதாகப் பட்டறை பேசிக்கொண்டது. துர்சுன் எலுமிச்சம்பழ நடிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட ஆரம்பித்தான். அது எனக்கு நடிப்பைவிடக் கேவலமாக இருந்தது. எதையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு எரிந்தது.

சட்டங்களை அறுத்தெடுத்து, அதே அடித்தளத்தை மறுபடி போட்டார்கள். மெல்டாவின் முப்பது. மெல்டாவின் வரிசை. இந்தத் தடவை தகட்டைப் போட்டபிறகும் அளந்தாளாம்.

அளக்கிற நாள் விடியும் முன்பே நானும் ருஸ்தெமும் வந்துவிட்டோம். பக்கத்து ஊரான மிலாசிலிருந்து மெல்டா வருகிற பஸ் இன்னும் வரவில்லை. துர்சுன் தகட்டை இறக்கிவிட்டு ரொட்டி வாங்கப் போனான். ருஸ்தெம் தனியாக அளப்பதற்கு நூல் கட்டிக்கொண்டிருந்தான். நான் பைப் பக்கம் அடுப்பை மூட்டி டீக்குக் கெட்டிலை வைத்தேன். அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சத்தியம் செய்திருந்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவன் நூலை விட்டுவிட்டு நிமிர்ந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு ஓடிவந்தான். முட்டிவலிக்காரன், படிக்கட்டு ஏறவே முனகுகிறவன், பட்டறையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை பைப்புகளைத் தாண்டித் தாண்டி ஓடிவந்தான்.

"நெவின்! நேரா இருக்கு. பென்சில் கோடு மாதிரி நேரா இருக்கு!"

"சரி."

"நூலுக்கும் தகட்டுக்கும் நடுவுல காயிதம்கூட நுழையல!"

"சரின்னு சொன்னேன்ல. அவகிட்ட சொல்லிட்டியா? போன்ல?"

"இல்ல." மூச்சு வாங்கியது. "ஒன்கிட்டதான் மொதல்ல சொல்லணும்னு வந்தேன்."

அவள் கணக்கு, அவள் வரிசை, அவள் இத்தனை மாதம் விதை கொறித்துக் கொறித்து உழைத்தது. அது பலித்த செய்தி அவளுக்குப் போவதற்கு முன்பு எனக்கு வந்திருந்தது. நான் ஒரு டம்ளரில் டீ ஊற்றி, சர்க்கரைக் கட்டி இரண்டு போட்டு, அவன் கையில் கொடுத்தேன். கவிழ்த்துப் போட்ட பக்கெட்டில் உட்கார்ந்தான்.

வாசலில் பஸ் வந்து நின்றது. மெல்டா இறங்கினாள், பையைக்கூடச் சரியாகத் தோளில் மாட்டாமல் மேடையை நோக்கி ஓடினாள். அங்கே யாரும் இல்லை. "உஸ்தா!" என்று கூப்பிட்டாள். "உஸ்தா, எங்க இருக்கீங்க? என்ன ஆச்சு?"

ருஸ்தெம் எழுந்தான். "பாவம், தவிச்சுக்கிட்டு இருக்கும். சொல்லிட்டு வந்துடறேன்."

"உக்காரு. டீ ஆறிடும்."

என்னைப் பார்த்தான். எதற்கோ சிரித்தான். உட்கார்ந்துகொண்டான்.

மேடைப் பக்கமிருந்து அவள் குரல் இன்னொரு தடவை கேட்டது. ருஸ்தெமின் டம்ளர் காலியாகியிருந்தது. நான் அதை வாங்கி மறுபடி ஊற்றினேன்.